மென்பொருள் கம்பனியில் 'மைக்ரோமேனேஜ்மென்ட்' என்றால் என்ன, அது ஏன் வருகிறது?

வேலையைக் கொடுத்துவிட்டு முடிவைப் பார்க்காமல், செய்பவரின் ஒவ்வொரு அசைவையும் மேலாளர் பிடித்து வைத்திருப்பதுதான் மைக்ரோமேனேஜ்மென்ட். அரைமணிக்கு ஒருதரம் "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று மெசேஜ். வீட்டிலிருந்து வேலை செய்தால் கெமராவை அணைக்கக் கூடாது.

மென்பொருள் வேலை கண்ணுக்குத் தெரியாது என்பதே மூலகாரணம். ஒரு பிழையைத் தேடி மூன்று மணித்தியாலம் திரையைப் பார்ப்பவரும் சும்மா இருப்பவரும் வெளியே ஒரே மாதிரிதான். நேற்றுவரை கோட் (நிரல்) எழுதியவரை, ஆட்களை நடத்தப் பழக்காமல் மேலாளராக்கினால் எண்ணக்கூடியதை எண்ணத் தொடங்குவார்: வரிகள், மணித்தியாலங்கள், மூடிய டிக்கெட்டுகள் (ஒவ்வொரு சிறு வேலைக்கும் கணினியில் போடும் பதிவுகள்).

மலையகத்தவருக்கு இது புதிதல்ல. தோட்டத்தில் பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்றால், கூடையில் இரண்டு இலை ஒரு மொட்டோடு முற்றிய இலையும் ஏறும். நிறை சரியாக இருக்கும், தேயிலையின் தரம் விழும். டிக்கெட்டை எண்ணினாலும் அதேதான்: ஒரு வேலை ஐந்தாக உடையும், கோட் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது தள்ளிப்போகும், கஷ்டமான பிழையை யாரும் தொடமாட்டார்கள்.

முரண்டு பிடிப்பதைவிட, மேலாளர் கேட்குமுன் சொல்வது பலன் தரும். காலை 9.30க்கும் மாலை 4க்கும் மூன்று வரி: முடிந்தது, தடை, அடுத்தது. டிக்கெட்டில் 'முடிந்தது' என்றால் என்ன என்பதை முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்தும் கேள்விகள் குறையாவிட்டால், அவருக்குக் குறைவது தகவல் அல்ல, நம்பிக்கை.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும் கோட் ரிவியூவையும், குழு சுருக்கமாகக் கூடிப் பேசும் தினசரி ஸ்டாண்டப்பையும் பலர் இதோடு சேர்த்துத் திட்டுவார்கள். ரிவியூ பார்ப்பது எழுதியதை, எழுதிய ஆளை அல்ல, ஸ்டாண்டப்பும் 15 நிமிடம் தாண்டி மேலாளரிடம் ஒப்புவிப்பதாக மாறினால்தான் மைக்ரோமேனேஜ்மென்ட்.