கடற்கரையில் இரும்புச் சிற்பத்தின் பெயிண்ட் ஆறே மாதத்தில் உரிவது ஏன்?

புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கத்து மாடியில் வைத்த இரும்பு மயில், ஆறு மாதத்தில் தோகை ஓரமெல்லாம் உரிகிறது என்கிறீர்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை அடித்திருப்பீர்கள். கம்பெனியை மாற்றிப் பயனில்லை.

முதலில் உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள். அடியில் துரு ஒட்டியிருந்தால் சாதா இரும்பு. துருவே இல்லாமல் தோல் மாதிரி கழன்றால் ஜி.ஐ. தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும், அதில் எதுவும் ஒட்டாது. ஜி.ஐ.க்கு, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரோ, இரண்டு பாகம் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமரோதான்.

சாதா இரும்பு என்றால் எதிரி உப்பு. கிரைண்டரை எடுக்கும் முன் நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்பு துருக்குழிக்குள் இறங்கி, மேலே எதை அடித்தாலும் கொப்புளம் போடும். தகடு வெட்டிய கூர் விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் பின்வாங்கும், அதனால்தான் தோகை முதலில் போகிறது. விளிம்பை மழுக்கி, ஸ்பிரேக்கு முன் பிரஷ்ஷால் ஓரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கை கொடுங்கள். குழாய்க் கால்களை முழுக்க அடைத்து வெல்டு வையுங்கள். முடியாவிட்டால் உள்ளே போகும் தண்ணீர் வடிய அடியில் 8 மி.மீ. ஓட்டை போடுங்கள்.

பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக வீசித் துருவை எடுப்பது) செய்ய முடிந்தால் அடியில் துத்தநாகப் பொடி கலந்த ஜிங்க் எபாக்ஸி 60–75 மைக்ரான், நடுவில் எபாக்ஸி 100, மேலே பி.யு. (பாலியூரிதேன்) பெயிண்ட் 50. வெறும் கிரைண்டர்தான் என்றால் ஜிங்க் வீண். அது சுத்த இரும்பைத் தொட்டால்தான் வேலை செய்யும். அப்போது ஜிங்குக்குப் பதில் எபாக்ஸி மாஸ்டிக், கையால் சுத்தம் செய்த இரும்பிலும் பிடிக்கும் கெட்டியான எபாக்ஸி. எபாக்ஸியையே கடைசிக் கையாக விட்டால் வெயிலில் சுண்ணாம்பு பூத்துவிடும். மஞ்சள் நிறத்துக்கு அடியில் வெள்ளை கொடுக்காவிட்டால் நாலு கை அடித்தாலும் மூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் தொடவே வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் அன்று நிறுத்திவிடுங்கள், பி.யு.வில் கலக்கும் ஹார்டனர் (பெயிண்டை இறுக வைக்கும் பாகம்) ஈரத்தைக் குடித்து நுரைக்கும். பி.யு.வை ஸ்பிரே செய்யத் துணி முகமூடி போதாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும்.

‘எங்க வீட்டு கேட்டுக்கு எனாமல்தான், பத்து வருஷமா நிக்குது’ என்று ஒருவர் வருவார். விழுப்புரத்தில் நிற்கும் சார். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வைத்துப் பாருங்கள்.

இத்தனை வேலைக்கும் ‘கிலோ என்ன விலை?’ என்று கேட்கிறவர்களுக்குச் சிற்பம் செய்து தராதீர்கள். தகடு வாங்கும் கடையைக் காட்டிவிடுங்கள்.