ஹாம்பர்க் கதையில் ‘இன்ஸ்பெக்டர்’ வேண்டாம்

வணக்கம். உங்கள் ஆங்கில நாவலில் ஹாம்பர்க் கொலைப்பிரிவு அதிகாரி அன்னாவை எல்லாரும் ‘இன்ஸ்பெக்டர் வேபர்’ என்று கூப்பிடுகிறார்கள், சரியா என்று கேட்டிருந்தீர்கள். மாற்றிவிடுங்கள். போலீசில் இன்ஸ்பெக்டர் என்ற பதவி இன்று ஜெர்மனியில் கிடையாது, ஆஸ்திரியாவில் உண்டு. விஷயம் தெரிந்த வாசகர் கதை வியன்னாவுக்குப் போய்விட்டதோ என்று குழம்புவார்.

ஜெர்மன் குற்றப்பிரிவில் கிரிமினால்கொமிசார், அதற்கு மேல் ஓபர்கொமிசார், அதற்கும் மேல் ஹௌப்ட்கொமிசார். குழுவையே நடத்துகிற அன்னாவுக்குக் கடைசியில் சொன்னதுதான் பொருந்தும். பெண் என்பதால் கிரிமினால்ஹௌப்ட்கொமிசாரின். இவ்வளவு நீளமான பெயரை அவர் அடையாள அட்டையை நீட்டும் இடத்தில் ஒரே ஒரு தடவை போடுங்கள், போதும். பேச்சில் அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. சாட்சிகளுக்கு அவர் ‘ஃப்ராவ் வேபர்’ (‘ஃப்ராவ்’ பெண்களுக்கான மரியாதைச் சொல்). கூட வேலை செய்பவர்களுக்கு வெறும் ‘அன்னா’.

ராணுவத்தில் கேப்டனாக, அதாவது ‘ஹௌப்ட்மன்’ ஆக, இருக்கும் அவர் தங்கையை ‘ஹௌப்ட்மனின்’ என்று பெண்பாலில் எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் ராணுவப் பதவிகளுக்குப் பெண்பால் வடிவம் கிடையாது, ‘ஃப்ராவ் ஹௌப்ட்மன்’ என்பதே முறை. ஆனால் 1983 கிழக்கு பெர்லின் அத்தியாயத்தில் அப்பாவைச் சிப்பாய்கள் ‘ஹெர் ஹௌப்ட்மன்’ என்று அழைப்பது நிச்சயம் தப்பு. அங்கே ‘கெனோசெ ஹௌப்ட்மன்’, அதாவது ‘தோழர் கேப்டன்’ என்றுதான் அழைப்பார்கள். அந்த ஒரு சொல்லே எந்த நாடு, எந்தக் காலம் என்று காட்டிவிடும், அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, ஒரே உரையாடலில் ‘மிஸ்டர்’, ‘ஹெர்’ இரண்டும் மாறி மாறி வருகின்றன. ஜெர்மானியர்கள் தங்களுக்குள் பேசும் காட்சிகளில் ‘ஹெர்’ மட்டும் இருக்கட்டும்.