பழைய எக்ஸ்சேஞ்ச் சர்வருக்குப் பதில் எது?

கேள்வி: சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் உதிரிபாக மொத்த வியாபாரம். 12 பேர் வேலை செய்கிறோம். அலுவலகத்தில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் 2016 மெயில் சர்வரை மாற்றச் சொல்கிறார் கணினி பராமரிப்பவர். மாதக் கட்டணம் இல்லாத ஓப்பன் சோர்ஸ் மெயில் சர்வரை நாங்களே நடத்தலாமா? டெலிவரி அட்டவணை எல்லார் கைபேசியிலும் தெரிய வேண்டும். கணக்குப் பிரிவில் இருவர் அவுட்லுக்கை விடமாட்டார்கள்.

பதில்: மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் வராத எக்ஸ்சேஞ்ச் இணையத்தில் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச்சில் ப்ராக்ஸிலாகன் தாக்குதல் உலகம் முழுக்கக் காட்டியது.

சொந்த சர்வர் வேண்டாம் என்பதே எங்கள் பதில். மெயில்கவ் போன்ற மென்பொருள் நல்லது, இலவசமும்கூட. 8 ஜிபி நினைவகம் இருந்தால் 12 பேருக்குத் தாராளம். மெயில் வாங்குவதில் சிக்கல் இல்லை, அனுப்புவதில்தான் இருக்கிறது. உங்கள் ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு (அந்த எண் எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டுவது) வேண்டும். அதை டொமைன் பக்கத்தில் போட முடியாது, ஐபியைக் கொடுத்த நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். வாடகை சர்வர் தருபவர்கள் பலர், மெயில் வெளியே போகும் வழியான போர்ட் 25-ஐ அடைத்தே கொடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், புது ஐபியிலிருந்து போகும் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் விழலாம். மெயில் போய்ச் சேரவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. அதைக் கவனிக்க முழுநேர ஆள் இல்லாத இடத்தில் இலவசம் என்பது விலை கூடிய சமாச்சாரம்.

உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்வது நாள்காட்டிதான். ஓப்பன் சோர்ஸ் நாள்காட்டிகள் பெரும்பாலும் கேல்டேவ் என்ற நாள்காட்டிப் பகிர்வு முறையில் பேசும். ஐபோன் அதை நேரடியாக ஏற்கும், ஆண்ட்ராய்டுக்கு டேவ்எக்ஸ்5 போன்ற செயலி வேண்டும். பழைய அவுட்லுக்கிற்கு கேல்டேவ் தெரியாது, தனிச் சொருகி போட வேண்டும். புதிய அவுட்லுக் அந்தச் சொருகியை ஏற்காது. ஆகவே அந்த இருவருக்காக மைக்ரோசாஃப்ட் 365 எடுப்பது நிம்மதி. எல்லாரும் உலாவியிலேயே வேலை செய்யச் சம்மதித்தால் மட்டும் கூகுள் வொர்க்ஸ்பேஸ், ஜோஹோ மெயில் பக்கம் பாருங்கள்.

வாங்கும்போது முகவரிகளை எண்ணாதீர்கள், ஆட்களை எண்ணுங்கள். விற்பனை, கணக்கு போன்ற பொது முகவரிகளை 365-இல் பகிர்வு மெயில்பாக்ஸாக வைத்தால் 50 ஜிபி வரை தனி உரிமம் வேண்டாம். பிஸ்னஸ் பேசிக் திட்டத்தில் கணினியில் நிறுவும் அவுட்லுக் கிடையாது. அந்த இருவருக்கு ஸ்டாண்டர்ட், மற்ற பத்துப் பேருக்கு பேசிக் போதும். சொல்லும் விலையில் 9% ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நீங்கள் ஜிஎஸ்டிக்குப் பதியாத நிறுவனம் என்றால் அதைத் திரும்பப் பெற வழியில்லை.

மாறுவதற்கு இரண்டு நாள் முன்பே எம்எக்ஸ் பதிவின் (மெயில் எந்தச் சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்வது) டிடிஎல்லை, அதாவது மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைக்கும் நேரத்தை, 300 வினாடியாகக் குறையுங்கள். ஐமேப்சிங்க் என்ற மென்பொருளைக் கொண்டு பழைய மெயிலை ஒருமுறை நகலெடுத்து, வெள்ளி மாலை எம்எக்ஸை மாற்றி, ஞாயிறன்று மறுபடி ஓட்டுங்கள். ஆனால் இது மெயிலை மட்டுமே கொண்டுபோகும். நாள்காட்டியும் தொடர்புகளும் தானாக வராது, அவுட்லுக்கிலிருந்து பிஎஸ்டி கோப்பாக எடுத்து ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஒரு பதிவைத் திறந்து பாருங்கள்: காலை 9 மணி டெலிவரி மாலை 5 மணி என்று நின்றால், நேர வலயம் விடுபட்டு சிங்கப்பூர் நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) ஆகிவிட்டது என்று அர்த்தம். அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இன்னோர் இடம்: அலுவலகக் கணினிகளில் அவுட்லுக் பிடிவாதமாகப் பழைய சர்வரையே தேடிப் போகும். ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணினிகள், பயனர்களின் பட்டியல்) அவுட்லுக்கிற்குச் சர்வரைக் காட்டும் ஆட்டோடிஸ்கவர் பதிவு மிச்சமிருப்பதே காரணம், அதை நீக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் நகல் இயந்திரமும், விலைப்பட்டியல் அனுப்பும் கணக்கு மென்பொருளும் பழைய சர்வர் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கும், மறந்துவிட வேண்டாம். உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு போட்டால் இரண்டும் செல்லாது. கடைசியில் ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே மூல வடிவத்தைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அனுப்புநர் சோதனைகளுக்கும் நேரே ‘பாஸ்’ வர வேண்டும்.

கேள்வி: எங்கள் .sg டொமைனைப் பழைய இணையதள வடிவமைப்பாளர் தன் பெயரில் வாங்கியிருக்கிறார். அது அப்படியே இருக்கலாமா?

பதில்: இருக்கக் கூடாது. டொமைன் யார் கையிலோ அவர் கையில்தான் உங்கள் மெயில். .sg டொமைன்களை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக் தளத்தில் ஹூயிஸ் (டொமைன் உரிமையாளர் விவரம்) தேடி, பதிவுதாரர் பெயராக உங்கள் நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் கேட்டு மாற்றுங்கள், நிர்வாகத் தொடர்பாக உங்கள் ஆள் ஒருவர் சிங்பாஸால் உறுதிசெய்யட்டும். இது முடியும்வரை சர்வர் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மெயில் வெளிநாட்டு சர்வரில் இருந்தால் பிடிபிஏ (தனிநபர் தரவுப் பாதுகாப்பு) சட்டத்துக்கு விரோதமா?

பதில்: இல்லை. இங்குள்ளதற்கு இணையான பாதுகாப்பு அங்கும் இருப்பதை ஒப்பந்தத்தில் உறுதிசெய்தால் போதும். ஆனால் 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் விவரம் கசிந்தால், அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்ட 3 நாட்காட்டி நாட்களுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். அதனால் 12 பேரின் கணக்கிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதல் நாளே கட்டாயமாக்குங்கள்.