வேலியோரம் ஒரு மஞ்சள் அம்பு: இங்கிலாந்தின் வசந்தகாலக் குழுநடை பற்றிச் சில கேள்விகள்

லண்டனுக்கு வடமேற்கே இருக்கும் சில்டர்ன்ஸ் குன்றுகளில் 11 வருஷமாகக் குழுவோடு நடக்கிறேன். கடைசி 6 வருஷமாக நடையை வழிநடத்தும் வாக் லீடராகவும் இருக்கிறேன். மார்ச் பிறந்து பகல் நீளத் தொடங்கியதும் இங்கிருக்கும் நம் தமிழ் ஆட்கள் ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பிப்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்கெல்லாம், கேட்டவர் இருக்கும் ஊரை முன்னால் போட்டு, சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹாரோவிலிருந்து, இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருஷமான ஐடி ஊழியர்: அக்கா, யாரோ ஒருவருடைய பண்ணைக்குள், வயலுக்குள் எப்படிக் கூட்டமாக நடந்து போகிறீர்கள்? அனுமதி வாங்க வேண்டாமா? இதற்கு எவ்வளவு பணம்?

நிலம் விவசாயியுடையது. அதன் குறுக்கே ஓடும் பாதையில் நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. நம் ஊரில் வண்டிப்பாதை, ஒற்றையடிப்பாதை என்று வழிவழியாக ஆள் நடந்த தடம் இருக்குமே, அதேதான். இங்கே அதைச் சட்டமாக எழுதி, வரைபடத்தில் குறித்தும் வைத்திருக்கிறார்கள். வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும்கூட வரலாம். பாதை வயலின் நடுவே போனால் உழுவதற்கு விவசாயிக்கு உரிமை உண்டு. ஆனால் உழுத பிறகு பாதையை அவரே குறிப்பிட்ட நாட்களுக்குள் சரிசெய்து தர வேண்டும். அதனால் ஏப்ரலில் பச்சைப் பயிரின் நடுவே நேர்கோடாக ஒரு மண்பாதை தெரிந்தால் தயங்காமல் இறங்குங்கள். ஒருவர் பின் ஒருவராக மட்டும் நடங்கள், பயிர் மிதிபடாது.

இந்த உரிமை சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு, வேட்டைக்காக மூடி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டு நிலத்தில் ஏறினார்கள். முன்னின்ற பென்னி ரோத்மனுக்கு அப்போது 20 வயது. அவரோடு சேர்த்து ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1935இல் நடப்பவர்களுக்கான ராம்பிளர்ஸ் சங்கம் உருவானது. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதை வரைபடங்களுக்கும் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக வருபவர்களிடம் முதல் வேலியருகே நின்று இதைச் சொல்வேன். அந்தப் பையன்கள் ஏறியதால்தான் நான் இன்று நடக்கிறேன் என்று எனக்கு உண்மையாகவே தோன்றும்.

பணம்? ராம்பிளர்ஸ் குழுக்களில் உறுப்பினராகாமலே மூன்று நடை வரை இலவசமாக வந்து பார்க்கலாம். பிடித்திருந்தால் சந்தா கட்டிச் சேருங்கள். லீடர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள்தான், எங்களுக்குச் சம்பளம் கிடையாது.

மில்டன் கீன்ஸ்: குழுவில் எல்லாரும் வயதான வெள்ளைக்காரர்களாக இருப்பார்களாம். தனியாகப் போய் நின்றால் சங்கடமாக இருக்காதா?

என் முதல் நடையில் 18 பேர் இருந்தோம், கறுத்த முகம் நான் ஒருத்திதான். மறைக்க மாட்டேன், முதல் கால் மணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு சேற்று வயலில் என் ஓடும் சப்பாத்தின் அடிப்பாகம் முன்னால் இருந்து பிளந்து, வாயைத் திறந்த மாதிரி தொங்கியது. எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி தன் பையிலிருந்து ஒரு காய்ந்த காலுறையும் இரண்டு பிளாஸ்டிக் பைகளும் எடுத்தார். காலுறை, அதன் மேல் பை, அதன் மேல் சப்பாத்து, சுற்றிலும் ஒரு லேஸ் கயிறு. கட்டிக்கொண்டே தன் பேரன் கதையைச் சொன்னார். மீதி நாலு மைலும் அவரோடுதான் நடந்தேன்.

நடையில் ஒரு வசதி உண்டு. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேசியே ஆக வேண்டும். இங்கே பக்கத்தில் நடக்கிறீர்கள், இருவர் கண்ணும் பாதையில் இருக்கும். பேச்சு வந்தால் பேசலாம், வராவிட்டால் பறவைச் சத்தம் இருக்கிறது. ஒரு குழு ஒத்துவராவிட்டால் அடுத்த குழுவுக்குப் போங்கள். இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. ஒரே இடத்தை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஈஸ்ட் ஹாம், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்: பிள்ளை, எனக்கு 62 வயசு. முழங்கால் நோ இருக்கு. இங்கிலிஷும் அவ்வளவா கதைக்க வராது. நான் வந்தா எல்லாருக்கும் கரைச்சல் இல்லையோ?

கரைச்சலே இல்லை அம்மா. நீங்கள் எங்கள் 8 மைல் நடைக்கு வர வேண்டாம். 'வெல்பீயிங் வாக்ஸ்' என்று குறுநடைகள் நடத்துகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இலவசம், பெரும்பாலும் பூங்காவிலோ சமதளத்திலோ இருக்கும். முடிந்ததும் தேநீர் குடிப்பார்கள். அங்கே தொடங்குங்கள். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி, அதனால் ஒரு ஜோடி நடைக்கம்பு வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலிஷ் பற்றிக் கவலை வேண்டாம். 'சீக்கிரம் போகிறீர்கள்', 'நிற்க வேண்டும்' இந்த இரண்டையும் சொல்லத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

க்ராய்டன்: '7 மைல், மாடரேட்' (நடுத்தரக் கடினம்) என்று போட்டிருந்தால் எத்தனை மணி நேரம் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கைத்தான் இன்றும் பழகுகிறோம்: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது தனியாள் நிற்காமல் போகும் கணக்கு. குழு என்றால் வேலியைத் தாண்ட வைத்த படி ஒவ்வொன்றிலும் வரிசை நிற்கும், தண்ணீர் குடிக்க, பூப்பார்க்க நிற்பார்கள். மணிக்கு இரண்டு மைல் என்று வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். ஏற்றத்தின் அளவைக் கட்டாயம் பாருங்கள். சமதளத்து 7 மைலும் குன்று மேல் 7 மைலும் ஒன்றில்லை.

இன்னொன்று, மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும். அன்று காலை 10 மணி நடைக்கு 11 மணிக்கு வந்து நிற்பவர் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு.

டூட்டிங்: சுடிதார் போட்டுக்கொண்டு வரலாமா? ஷூவுக்கு நிறையச் செலவாகுமா?

சுடிதார் சரி, ஆனால் பருத்தி வேண்டாம். துப்பட்டா வேலி முள்ளில் மாட்டும், அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது, கனக்கும், குளிரும். வேகமாக உலரும் பேன்ட், மேலே இரண்டு மெல்லிய அடுக்கு, பையில் மழைக்கோட்டு. ஏப்ரலில் ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

காசைக் காலுக்குச் செலவழியுங்கள். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ் வேண்டும். கடைக்கு மாலையில் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். சில்டர்ன்ஸின் அடியில் சுண்ணாம்புக்கல், மேலே களிமண். மழைக்குப் பிறகு அந்தக் களிமண் தோசை மாவுபோல பூட்ஸில் அப்பிக்கொள்ளும், நாலு எட்டில் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடின மாதிரி இருக்கும். அப்போது பாதையோரப் புல்லில் ஒதுங்கி நடக்கத் தோன்றும். தயவுசெய்து ஒதுங்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒதுங்க ஒதுங்கப் பாதை அகலமாகி, ஓரத்துப் பூவெல்லாம் மிதிபட்டுப் போகும். சேற்றின் நடுவிலேயே நடங்கள், பூட்ஸ் அதற்குத்தான்.

ரெடிங்: எனக்கு மாட்டைக் கண்டால் பயமில்லை, ஊரில் மாட்டோடு வளர்ந்தவன். நாய்தான் பயம். குழுவில் நாய் வருமா?

நாயைக் கூட்டிவரலாமா என்று நடையின் அறிவிப்பிலேயே போட்டிருக்கும், அதை லீடர் முடிவு செய்வார். நாய் இல்லாத நடையைத் தேர்ந்தெடுங்கள். பார்வையற்றோருக்கு உதவும் நாய்கள் போன்றவை மட்டும் எதிலும் வரலாம்.

மாட்டைப் பற்றிச் சொன்னீர்களே, அங்கேதான் எனக்குப் பதைக்கிறது. நம் ஊரில் கட்டிப்போட்ட, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும் மாட்டோடு பழகியிருக்கிறோம். இங்கே குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் அடைத்து, வசந்தத்தில் திறந்துவிட்ட மந்தை, கூடவே கன்று. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் போகாதீர்கள். ஒருமுறை நாற்பது மாடுகள் வேலிக்கதவை அடைத்துக்கொண்டு நின்றன. எங்களில் ஒருவர் ஊர்ப் பழக்கத்தில் 'ஹை, ஹை' என்று கையை வீசிக்கொண்டு முன்னால் போனார். ஒரு தாய்ப்பசு தலையைத் தாழ்த்தி, மூச்சை உதறியது. அப்படியே எல்லாரையும் பின்வாங்கச் சொல்லி, வயலின் விளிம்போடு பெரிய சுற்றாகச் சுற்றி வெளியே கொண்டுவந்தேன். அரை மணி நேரம் தாமதம், பரவாயில்லை. ஓடாதீர்கள், சத்தம் போடாதீர்கள், ஒன்றாக நடங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான், நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

ஸ்லவ்: நான் ஐந்து மாத கர்ப்பிணி. ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க ஆசை. வரலாமா?

நடக்கலாமா என்பதை உங்கள் மிட்வைஃபிடம் கேளுங்கள். ஆட்டுக்குட்டி மட்டும் இந்த வருஷம் வேண்டாம் அம்மா. குட்டி போடும் காலத்து ஆடுகளிடமிருந்து வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் தொற்று வரலாம் என்பதால், கர்ப்பிணிகள் அவற்றை நெருங்கக் கூடாது என்றே இங்கே மருத்துவத் துறை சொல்கிறது. காட்டுப்பாதை நடையாகப் பார்த்து வாருங்கள். லீடரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாட்ஃபர்ட்: ப்ளூபெல் என்ற நீலக் காட்டுப்பூவைப் பார்க்க எப்போது வர வேண்டும்? காட்டில் பூண்டு மணக்கும் இலை இருக்கிறதாமே, பறித்துத் துவையல் அரைக்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ப்ளூபெல் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. தமிழ்ப் புத்தாண்டு கழிந்து ஒரு வாரம் பத்து நாள் என்று மனதில் வையுங்கள். பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரங்கள் இலை விரித்துவிட்டால் காடு இருண்டுவிடும். அதற்கு முன்னால் தரையில் விழும் வெயிலை நம்பித்தான் இந்தப் பூ அவசரமாகப் பூக்கிறது. அதனால் பீச் இலை கண்ணாடிபோலப் பச்சையாக, மெல்லிய ரோமத்தோடு விரியும் அந்த வாரத்தில் வந்தால் மேலே இளம்பச்சை, கீழே நீலம். ஆஷ்ரிட்ஜ் காட்டில் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், ஒவ்வொரு வருஷமும் பேச்சு நின்றுவிடுகிறது. ஒன்றே ஒன்று, போட்டோவுக்காகப் பூவுக்குள் இறங்காதீர்கள். இலை மிதிபட்டால் கிழங்குக்குச் சாப்பாடு போகாது, மீண்டுவர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். கிழங்கைத் தோண்டுவது சட்டப்படி குற்றம்.

பூண்டு இலையை இங்கே ராம்சன்ஸ் என்பார்கள். மார்ச்சிலிருந்து ஈரமான காடுகளில் பாய் விரித்த மாதிரி வளரும். ஒரு இலையை விரலில் கசக்கினால் உரித்த பூண்டு வாசனை அப்படியே வரும். பறிக்கக் கூடாது என்ற பலகை இல்லாத இடத்தில், வீட்டுச் சமையலுக்கு ஒரு கைப்பிடி இலை பறிக்கலாம். ஆனால் அள்ளிப் பறிக்காதீர்கள், ஒவ்வொரு இலையாகப் பாருங்கள். அதன் நடுவிலேயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற நச்சுச்செடி வளரும். அது நம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். வேகாத கருணை நாக்கை அரிக்குமே, அதே ஊசிப் படிகங்கள் இதிலும் உண்டு, இதில் நாக்கோடு தொண்டையும் வீங்கிவிடும். இளசாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கை ஏற்கெனவே பூண்டு மணப்பதால் வாசனையும் ஏமாற்றும். நரம்பைப் பாருங்கள். பூண்டு இலையில் நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், மற்றதில் வலைபோலப் பின்னியிருக்கும். சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு பெண்: நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால்?

நல்ல கேள்வி, பலர் இதற்காகவே வராமல் இருக்கிறார்கள். புறப்படும் இடத்திலும் மதிய நிறுத்தத்திலும் வசதி உண்டா என்று முன்பே கேளுங்கள். நடுவழியில் என்றால் குழுவின் கடைசி ஆளாக வரும் பொறுப்பாளரான 'பேக் மார்க்கரிடம்' சொல்லிவிட்டுப் புதருக்குப் பின்னால் போங்கள், பையைப் பாதையோரத்தில் வைத்துவிட்டுப் போங்கள். பை இருந்தால் ஆள் இன்னும் வரவில்லை என்று அர்த்தம், உங்களை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பேப்பரைக் கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

இல்ஃபர்ட்: புளியோதரை கொண்டுவந்து கையால் சாப்பிட்டால் ஏதாவது நினைப்பார்களா?

எங்கள் குழுவில் என் டப்பாவைத் திறக்கும் முன்பே இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தாராளமாகக் கொண்டுவாருங்கள். ஆட்டு வயலின் கதவையெல்லாம் தொட்டிருப்பீர்கள், ஒரு பாட்டிலில் தண்ணீரும் சோப்பும் வைத்துக் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். பப்பில் நின்றால் பீர் குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, டீ கேட்டாலும் தருவார்கள். சேற்றுப் பூட்ஸை வாசலில் கழற்றிவிடுங்கள்.

லெஸ்டரில் படிக்கும் மாணவர்: உண்ணி கடித்தால் நோய் வருமாமே?

வரலாம், லைம் நோய். வெயில் வந்ததும் உண்ணியும் வரும். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடியோரம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வட்டமாகத் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உண்ணி கடித்ததைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள்.

வெம்ப்ளி: சரி அக்கா, முதல் நடை எது?

ஐந்து ஆறு மைல், 'லீஷர்லி' (நிதானமான நடை) என்று போட்டது, ரயில் நிலையத்தில் தொடங்குவது. முந்தின நாள் மாலை லீடருக்கு ஒரு போன் போட்டு, புதிது என்று சொல்லுங்கள். கால் மணி முன்னால் போய் நில்லுங்கள், தாமதமானால் குழு காத்திருக்காது. உங்களுக்கு யூஸ்டனிலிருந்து டிரிங் ஸ்டேஷன் எளிது. அங்கிருந்து பிட்ஸ்டோன் ஹில் வழியாக ஐவிங்ஹோ பீக்கன் வரை போகும் பாதையைப் புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவேன். ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று திரும்பிப் பாருங்கள். பிளந்த வாலோடு செந்நிறப் பருந்து ஒன்று உங்கள் கண்மட்டத்தில் மிதக்கும். இங்கிலாந்திலிருந்தே ஒழிந்துபோய், 1989இலிருந்து ஸ்பெயின் குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் திரும்ப வளர்த்த பறவை அது. பைனாகுலர் வேண்டுமென்றால் என்னுடையதைத் தருகிறேன்.