பேஸ்பால் கேட்சர் என்பவர் விக்கெட் கீப்பர் மாதிரிதானே? ஒருவர் 19 வருடம் அதையே செய்தால் என்ன விசேஷம்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்காக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் போன புதிதில், அலுவலக நண்பர்கள் உள்ளூர் பேஸ்பால் அணியான கார்டினல்ஸின் ஆட்டத்துக்கு இழுத்துப் போவார்கள். அவர்கள் பந்து வீசுபவரைப் பார்ப்பார்கள். நான் கிரிக்கெட் பழக்கதோஷத்தில் மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருப்பவரையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்தான் யாடியர் மொலினா. புவேர்ட்டோ ரிக்கோக்காரர். அண்ணன்மார் இரண்டு பேரும் கேட்சர்கள்தான். மூவரிடமும் வேர்ல்ட் சீரிஸ் மோதிரம், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரை வென்ற அணிக்குக் கிடைக்கும் மோதிரம், உண்டு.

கீப்பர், வருகிற பந்தைப் பிடிக்கிறார். கேட்சரோ எந்தப் பந்து வர வேண்டும் என்றே சொல்கிறார். மொலினா ஆடிய காலத்தில் பெரும்பாலும் தொடைகளுக்கு நடுவே விரல்களை மடக்கி நீட்டி, பந்துக்குப் பந்து சைகைதான். எதிரணியில் யாருக்கு எது ஆகாது என்பது அத்தனையும் மண்டையில் இருக்க வேண்டும்.

அடுத்தது திருட்டு. ரன் எடுக்க வரிசையாகத் தொட்டு ஓட வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். பந்து கிளம்புவதற்குள் முதல் பேஸில் நிற்பவர் இரண்டாம் பேஸுக்கு ஓட ஆரம்பித்துவிடுவார். கேட்சர் பந்தை வாங்கி, எழுந்து, 127 அடி எறிய வேண்டும். கிட்டத்தட்ட இரண்டே விநாடி. மொலினாவிடம் இப்படித் திருடப் பார்த்தவர்களில் பத்துக்கு நாலு பேர் அவுட். அதைவிட, அவர் உட்கார்ந்திருக்கிறார் என்றாலே பலர் ஓடவே மாட்டார்கள். ஓடாத ஓட்டத்தை ஸ்கோர் அட்டையில் எங்கே எழுதுவது? ஓடாமல் முதல் பேஸை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றாலும் ஆபத்துதான். முட்டி போட்டபடியே அங்கே எறிந்து அவுட்டாக்கிவிடுவார்.

இதனால்தான் அவரை வைத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. 2006-ல் அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .216, அதாவது பத்து முயற்சிக்கு ஏறக்குறைய இரண்டு ஹிட். கேட்சராக இல்லாமல் களத்தில் வேறு இடத்தில் ஆடியிருந்தால் பெஞ்சில்தான். ஆனால் அதே வருடம் அக்டோபரில், வேர்ல்ட் சீரிஸுக்குப் போவது யார் என்று முடிவுசெய்யும் தொடரில், நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஏழாவது, கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், 1-1 என்று நிற்கும்போது ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். கடைசியில் மூன்று பேஸிலும் மெட்ஸ் ஆட்கள் நிற்க, கார்டினல்ஸின் ஆடம் வெய்ன்ரைட் வீசிய வளைபந்தைப் பார்த்தபடியே நின்று கார்லோஸ் பெல்ட்ரான் அவுட். பந்து போய் விழுந்தது மொலினாவின் கையுறையில். கோப்பையும் அந்த வருடம் கார்டினல்ஸுக்கே, 2011-ல் இன்னொன்று.

வெய்ன்ரைட் பந்து வீசி ஆட்டத்தைத் தொடங்க, மொலினா பிடிக்க என்று இந்த ஜோடி 328 ஆட்டம் ஆடியது. எந்த ஜோடியும் அவ்வளவு ஆடியதில்லை. 2004 முதல் 2022 வரை ஒரே அணி, கேட்சராக மட்டும் 2,184 ஆட்டங்கள்; ஓர் அணிக்காக இதைவிட அதிகம் குந்தியவர் யாரும் இல்லை.

கீப்பராக ஆடியவர்களுக்காக ஒன்று. 2018 மே மாதம், மட்டையில் உரசிய வேகப்பந்து ஒன்று அவருக்குப் படக்கூடாத இடத்தில் பட்டது. அன்றிரவே அறுவை சிகிச்சை. ஒரு மாதத்தில் திரும்பி வந்து மறுபடி குந்தினார், 35 வயதில். அந்த வருடத்து கோல்ட் குளோவ் விருதும் (சிறந்த தடுப்பாட்டத்துக்கானது) அவருக்குத்தான், ஒன்பதாவது முறையாக.