கெட்டிமேளத்துக்குப் பிறகு வெளியே போகாத குழந்தை

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ளவன். சென்ற ஆவணியில் ஓர் உறவினர் திருமணத்தில் கெட்டிமேளம் முழங்கியதும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறி, தரையில் விழுந்து புரண்டான். "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்று மாமியார் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தெரபி வகுப்பைத் தவிர எங்கும் செல்வதில்லை. பத்து வயது மகளும் எங்களோடு வீட்டிலேயே அடைந்து கிடக்கிறாள். அவனை வெளியே அழைத்துச் செல்ல வழி உண்டா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகன் நின்ற இடத்தில் நின்று அந்த மண்டபத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாகஸ்வரமும் தவிலும் ஒரே நொடியில் உச்சத்துக்கு ஏறுகின்றன. வீடியோ விளக்கு கண்ணில் அடிக்கிறது. எங்கிருந்து என்று தெரியாமல் அட்சதை தலையிலும் கழுத்திலும் விழுகிறது. நமக்கு மங்கலமாக இருப்பது அவனுக்குத் தாங்க முடியாத வலியாக இருந்திருக்கிறது. அடம் பிடிக்கும் குழந்தை கேட்டது கிடைத்ததும் அழுகையை நிறுத்திவிடும். புலன்கள் தாங்காமல் நிலைகுலைந்த குழந்தையால், எதைக் கொடுத்தாலும், உடனே நிறுத்த முடியாது. ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்த்தது. வீட்டில் அமைதியான ஒரு பொழுதில் இதை மாமியாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் வளர்ப்பில் எந்தக் குறையும் இல்லை.

வெளியே செல்ல வழி நிச்சயம் உண்டு. முதல் சில பயணங்களுக்கு அரை மணி நேரம் போதும். அவன் நன்றாக இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று இன்னும் கொஞ்சம் நீட்டப்போய்த்தான் பல பயணங்கள் கெடுகின்றன என்பதை, சிறப்பாசிரியராக என் மாணவர்களின் குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காத மக்கள் வாழும் ஊர் அது. சத்தத்துக்கு அஞ்சும் குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும் காலம். விடுமுறை இல்லாத நாளில் காலையிலேயே சென்றால், ஏரிக்கரையில் நடந்துவிட்டு, அவன் விரும்பும் இடத்தில் திரும்பிவிடலாம். தண்ணீரைக் கண்டதும் ஓடிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். எனவே ஒருவர் கை எப்போதும் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும், சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண் இருக்க வேண்டும்.

வண்டலூர் உயிரியல் பூங்கா அடுத்த படி. அது 602 ஹெக்டேர் பரப்புள்ளது. முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற வார நாள்களில் திறந்தவுடன் சென்றால் கூட்டம் குறைவு. என் மாணவி ஒருத்தி அங்கே புலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, காய்ந்த சருகுகளை ஒவ்வொன்றாக நொறுக்கி அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தாய்க்கு முதலில் ஏமாற்றம்தான். பிறகு அவரும் பக்கத்தில் அமர்ந்து ஒரு சருகை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

புறப்படுவதற்கு முன், போகும் இடத்தின் படங்களை மூன்று நான்கு நாள்கள் காட்டுங்கள். 'முதலில் பறவை, பிறகு கார், பிறகு வீடு' என்று வரிசையாகப் படம் ஒட்டிய அட்டை இன்னும் நல்லது. காதுக்கு அணியும் ஒலித்தடுப்பானை அங்கே போய் முதன்முறையாக மாட்டினால் பிடுங்கி எறிவான். வீட்டில் மிக்ஸி ஓடும்போது மாட்டிப் பழக்குங்கள். பழகிய தின்பண்டமும், கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டியெடுத்த பழைய சட்டையும் போதும். மால்களில் கழிப்பறையின் கை உலர்த்தும் இயந்திரத்தை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்து மாலுக்குள்ளேயே நுழைய மறுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் இருவராகச் செல்லுங்கள். அவனுக்குப் போதும் என்றானதும் ஒருவர் அவனோடு காருக்குத் திரும்ப, மற்றவர் மகளோடு இருக்கலாம். தம்பியால் தன் நாள் பாதியில் முடிந்துபோனது என்ற எண்ணம் அவளுக்கு வரவே கூடாது. மாதம் ஒருமுறை அவளை மட்டும் தனியாக அழைத்துச் செல்லுங்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) வாங்கியிராவிட்டால் விண்ணப்பியுங்கள்; வரிசையில் நிற்க முடியாத நேரத்தில் அதைக் காட்டித் தயங்காமல் உதவி கேளுங்கள்.

அடுத்த திருமணத்துக்கும் அவனை அழைத்துச் செல்லலாம். மண்டபத்தில் கூட்டம் சேரும் முன்பே சென்று, வெளியேறும் வழியையும் அமைதியான ஓர் அறையையும் பார்த்து வையுங்கள்; தாலி கட்டும் நேரத்தில் அவனும் அப்பாவும் வாசலுக்கு வெளியே நிற்கட்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் ஒரு கிண்ணம் நிறைய அட்சதை கலந்து வைத்து, அவன் விரும்பும்வரை விரல்களால் அளைய விடுங்கள்.