ஜிம்மில் சேரும் முன்: கடற்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு மாஸ்டரின் பதில்கள்

கேள்வி (பாம்பன்): மாஸ்டர், கடலுக்குப் பக்கத்துலயே புது ஜிம் திறந்திருக்காங்க. மெஷின் எல்லாம் பளபளன்னு இருக்கு. சேர்றதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?

பதில்: பெயிண்டைப் பார்க்காதீர்கள் தம்பி, கேபிளைப் பாருங்கள். உப்புக்காற்று மோசம் செய்வது அங்கேதான். மேலே தொங்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன் மெஷினில் கப்பியைச் சுற்றி ஓடும் கேபிளுக்குள் மெல்லிய எஃகு இழைகள் இருக்கும், மேலே பிளாஸ்டிக் உறை. உறையில் சின்ன வெடிப்பு விழுந்தாலும் உப்பு ஈரம் உள்ளே இறங்கி இழைகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து அறும். வெளியே எளிதில் தெரியாது. ஒருநாள் பாரம் இழுக்கும்போது மொத்தமாக அறுந்தால் மேலே இருக்கும் கம்பி தலையில் விழும்.

கப்பியில் வளையும் இடத்தையும், முனையில் கொக்கியோடு சேரும் இடத்தையும் பாருங்கள். உறை உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறம் கசிந்திருந்தாலோ அந்த மெஷினைத் தொடாதீர்கள். கேபிளைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லத் தெரியாத இடத்தில் பராமரிப்பு நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எடைக்கட்டிகள் ஏறி இறங்கும் இரண்டு தண்டுகள். துடைத்து சிலிக்கோன் எண்ணெய் போடாவிட்டால் கட்டி பாதியில் சிக்கி, பிறகு திடீரென்று விழும். குறைந்த எடை வைத்து பத்து முறை இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். எடை மாற்றச் சொருகும் முள் (pin) தொலைந்துபோய் அந்த ஓட்டையில் ஆணி சொருகியிருக்கும் ஜிம்மில் பணம் கட்ட வேண்டாம். தோளில் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் ரேக்கில், எடைக் கம்பியைத் தாங்கும் பாதுகாப்புக் கம்பிகள் இரண்டு பக்கமும் இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

நீங்கள் தினமும் எந்த நேரத்தில் போவீர்களோ, அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். பகல் மூன்று மணிக்குக் காலியாக இருக்கும் ஜிம்மில் மாலை ஏழு மணிக்கு ஒரு பெஞ்சுக்கு ஆறு பேர் நிற்கலாம்.

கேள்வி (ராமநாதபுரம்): மாசம் 1,500, வருஷத்துக்கு மொத்தமா கட்டினா 12,000ன்னு சொல்றாங்க. எது லாபம்?

பதில்: கணக்கு எளிது. 12,000 என்பது எட்டு மாதக் கட்டணம். எட்டு மாதத்துக்கு மேல் நிச்சயம் வருவீர்கள் என்றால்தான் லாபம். முதலில் ஒரு மாதம் கட்டுங்கள், அது ஒத்துவந்தால் மூன்று மாதம். ஆண்டுக் கட்டணம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது. இடையில் உடம்புக்கு முடியாமல் போனால் நாட்களைத் தள்ளி வைப்பார்களா, ஜிம்மை மூடினால் பணம் திரும்புமா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விகிதத்தில் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு எண் இல்லாத ஜிம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பணத் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி (கீழக்கரை): எங்களுக்கு லேடீஸ் டைம் பகல் 11 மணிக்குன்னு சொல்றாங்க. மேலே தகரக் கூரை. சேரலாமா?

பதில்: அந்த வெயிலில் தகரத்துக்குக் கீழே வேண்டாம் தங்கச்சி. நம் கரையில் காற்றிலேயே ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. தலைசுற்றலும் குமட்டலும் அதனால்தான் வருகின்றன. காலை 10 மணிக்குள் நேரம் தரச் சொல்லி நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். இல்லாவிட்டால் எதிரெதிர் ஜன்னலும் பெரிய மின்விசிறியும் உள்ள வேறு இடம் பாருங்கள். பெண் பயிற்சியாளர் அந்த நேரம் முழுக்க இருப்பாரா, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் நேரில் பாருங்கள். டம்பெல் 1, 2, 3 கிலோ என்று சிறிய இடைவெளியில் இருக்க வேண்டும். 2 கிலோவுக்கு அடுத்தது 5 கிலோ என்றால் தோள்பட்டை வலிதான் மிஞ்சும். நோன்பு மாதத்துக்குக் கட்டணத்தை நிறுத்தி வைப்பார்களா என்று சேரும்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி (தங்கச்சிமடம், வயது 19, எடை 60 கிலோ): கோச் லேபிள் இல்லாத டப்பாவுல பவுடர் தர்றார். ஊசி போட்டா மூணே மாசத்துல உடம்பு ஏறும்னும் சொல்றார்.

பதில்: அந்த ஜிம்மை இன்றே விட்டுவிடுங்கள் தம்பி. அந்த ஊசிகள் பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் வகை. வெளியிலிருந்து அது வந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விந்தணு குறையும், விரைகள் சுருங்கும். 19 வயதில் இந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். பவுடர் அவசியம் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்ட, சீல் உடையாத டப்பாவைக் கடையில் பில்லோடு வாங்குங்கள்.

ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை. உடம்பு ஏற்ற, எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் புரதம் போதும். உங்களுக்கு 96 கிராம். சுத்தம் செய்த சாளை மீன் 200 கிராமில் சுமார் 40, நான்கு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16. மீதி சோற்றிலும் பருப்பிலும் சுண்டலிலும் வந்துவிடும். சாளை கிடைக்கும் கரையில் இருந்துகொண்டு புரதத்துக்கு டப்பாவைத் தேட வேண்டியதில்லை.

கேள்வி (மண்டபம், வயது 52): சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுறேன். ஜிம் எனக்கு ஒத்துவருமா?

பதில்: ஒத்துவரும் ஐயா, டாக்டரிடம் கேட்டுவிட்டு. கண் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். விழித்திரையில் பாதிப்பு இருந்தால் கனமான எடை கூடாது. மூச்சை அடக்கித் தூக்கினால் பிரஷர் சட்டென்று எகிறும், எனவே தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். சில சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் உடற்பயிற்சியோடு சேர்ந்தால் சர்க்கரையை அதிகமாக இறக்கும். அப்படிப்பட்டது எதுவும் நீங்கள் எடுத்தால், ஆரம்பிக்கும் முன் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். வெறுங்காலோடு பயிற்சி வேண்டாம். கருவாட்டைக் குறையுங்கள், அதிலுள்ள உப்பு பிரஷரைக் கூட்டும். சேரும்போது உங்கள் நோய் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாத ஜிம் உங்களுக்கு ஏற்றதல்ல.

கேள்வி (ராமேஸ்வரம், விசைப்படகு): மீன்பிடித் தடைக்காலத்துல மட்டும் சேர்ந்தா பிரயோஜனம் உண்டா?

பதில்: உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், வாரம் மூன்று நாள் முழு உடம்புக்கும் பயிற்சி செய்தால் பலம் நன்றாகவே கூடும். வலை இழுத்துப் பழகிய முதுகும் கையும் ஏற்கெனவே வலுவானவை. உங்களுக்குக் குறைவது தொடை, இடுப்பு, மார்பு. அவற்றுக்கு முக்கியத்துவம் கொடுங்கள். மறுபடி கடலுக்குப் போனதும் வாரம் ஒரு நாள் வந்தாலும் பலம் பெருமளவு நிற்கும். வலை இழுத்த மறுநாள், தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட் மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி (தொண்டி): பக்கத்து ஜிம்ல டிரெட்மில் இல்லை. அது குறையா?

பதில்: குறையே இல்லை. உப்பு ஈரத்திலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் டிரெட்மில்லின் எலக்ட்ரானிக் போர்டு அடிக்கடி பழுதாகும். நல்ல பார்பெல், பிளேட், ரேக் இருந்தால் சேருங்கள். நடைக்குக் கடற்கரை இருக்கிறது. ஈர மணல் கடல் பக்கம் சரிந்திருப்பதால் போன தூரம் முழுக்க அதே சரிவில் திரும்பியும் நடங்கள், ஒரே முழங்காலில் பாரம் விழாது.